பேர் வச்சாச்சு, சோறு வச்சாச்சா?

“சமீபத்தில் வந்த செய்திகளில் எதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள், எதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் பெரும்பாலும் ஒரே செய்தியில்தான் நடக்கிறது.

முதலில் என் கோளாறைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருபத்தைந்து வருடமாகச் சின்னக் கடைகளுக்கு வரிக் கணக்கு பார்க்கிறவன் நான். பேக்கரி, மெஸ், எண்ணெய்க் கடை, மாவு மில், அவ்வளவுதான் என் உலகம். பேப்பரைப் பிரித்தால் முதல் பக்கத்து யுத்தம் கண்ணில் படாது. உள்ளே ஒரு மூலையில் பாப்கார்னுக்கு என்ன வரி என்று போட்டிருந்தால் பட்டென்று தெரியும். கடந்த ஒன்றரை வருடத்தில் நான் வெட்டி எடுத்து வைத்த செய்திகளைப் புரட்டிப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே சண்டை. ஒரு பொருளுக்கு என்ன பேர் வைப்பது என்கிற சண்டை. பேர் வைத்தவுடன் வரி மாறுகிறது, விலை மாறுகிறது, ஆளுக்கு வேலை போகிறது. பொருள் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர் பன்னிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 செப்டம்பர் 11. கோவையில் தொழில் துறையினரோடு மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கலந்துரையாடுகிறார். அன்னபூர்ணா உணவகங்களின் ஸ்ரீனிவாசன் எழுந்து பேசுகிறார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, பன்னுக்கு வரி கிடையாது, அதே பன்னுக்குள் கிரீம் வைத்துவிட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வாடிக்கையாளரோ ‘கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன்’ என்கிறார். பில் போடும் கம்ப்யூட்டரே திணறுகிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். மண்டபமே சிரித்தது. அடுத்து வந்தது ஒரு வீடியோ, அதில் அவர் அமைச்சரிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை வெளியே விட்டதற்காக அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை மன்னிப்பு கேட்டார். ஒரு பன்னுக்கு இரண்டு மன்னிப்பு. கேள்விக்குப் பதில் மட்டும் ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் கேட்டதில் ஜோக் எதுவும் கிடையாது. ரொட்டி என்றால் வரி இல்லை. கேக், பேஸ்ட்ரி என்றால் அப்போது 18. பன் பாவம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. மேசையில் உட்கார்ந்து ஓட்டலாகச் சாப்பிட்டால் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று இன்னொரு கணக்கு வேறு. கோவையில் கணபதி பக்கம் எனக்கு ஒரு பேக்கரி கணக்கு உண்டு. அங்கே பில் போடும் பையன், மெஷினில் ‘பன்’ பட்டனுக்கு மேல் மஞ்சள் ஸ்டிக்கரும் ‘கிரீம் பன்’ பட்டனுக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டி வைத்திருந்தான். அவசரத்தில் கை மாறிவிடக் கூடாதாம். ஒருநாள் என்னைப் பார்த்து, “சார், தேங்காய் பன்னுக்கு எந்த கலருங்க?” என்றான். உள்ளே பூரணம் இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. இனிப்பு இருக்கிறது, ஆனால் கிரீம் இல்லை. இருபத்தைந்து வருட அனுபவம் அந்த ஒரு பன்னுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றது. கடைசியில் சிவப்பே ஒட்டச் சொன்னேன். சந்தேகம் வந்தால் அதிக வரி கட்டிவிடு என்பது இந்தத் தொழிலில் நிம்மதியாகத் தூங்குகிறவர்களின் வழி.

இந்த விளையாட்டில் வியாபாரியும் லேசுப்பட்டவர் இல்லை. 2022 ஜூலையில், பேர் அச்சடித்த பாக்கெட்டில் 25 கிலோ வரை வரும் அரிசிக்கு 5 சதவீதம் என்று போட்டார்கள். கொஞ்ச நாளிலேயே மண்டியில் 26 கிலோ மூட்டை வந்து இறங்கியது. 25 கிலோ சிப்பம் தூக்கிப் பழகிய சுமைத் தொழிலாளி கூடுதலாக ஒரு கிலோ தூக்கினார். அந்த ஒரு கிலோவைத் தூக்கிய முதுகைப் பற்றி எந்த ஜிஎஸ்டி கவுன்சிலிலும் யாரும் பேசியதாக நான் படிக்கவில்லை.

அப்புறம் 2024 டிசம்பர். அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவே மாட்டேன்.

18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சின்ன பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தடவும் எண்ணெயா? வழக்கைக் கொண்டுபோனதும் நம் பக்கத்து ஆள்தான், சேலம் மத்திய கலால் ஆணையர். சின்ன பாட்டிலில் வாங்குகிறவன் தலைக்குத்தான் தடவுவான் என்பது இலாகாவின் வாதம். 2018-இல் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். அப்புறம் மூன்று நீதிபதிகளிடம் போய், பாட்டில் சின்னது என்பதற்காக மட்டும் அது தலை எண்ணெய் ஆகிவிடாது, தலைக்கு என்று லேபிளில் சொல்லி விற்றால்தான் தலை எண்ணெய் என்று முடிந்தது. நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் பாருங்கள், எந்தக் கலால் வரிக்காக இந்த வழக்கோ அந்த வரி 2017 ஜூலையிலேயே ஜிஎஸ்டிக்குள் கரைந்துவிட்டது. இழவு விழுந்த வீட்டில் ஏழு வருடம் கழித்து ஜாதகம் பார்த்த கதை.

எங்கள் வீட்டில் நீல பாட்டில் ஒன்றுதான். மார்கழியில் உறைந்துவிடும், அம்மா வெயிலில் வைப்பார். உருகினதும் முதல் கரண்டி அவியலுக்கு, மிச்சம் என் தங்கை தலைக்கு. ஒரே பாட்டில், ஒரே காலைப்பொழுது, இரண்டு வகைப்பாடு. இதை அம்மாவிடம் விளக்க முயன்றேன். “படிச்சவங்களுக்கு வேற வேலை இல்லையாக்கும்” என்றார்.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்றே நாள். 21-ஆம் தேதி ஜெய்சல்மரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. பாலைவனத்தில் உட்கார்ந்து பாப்கார்னுக்கு விளக்கம் கொடுத்தார்கள். உப்பும் மசாலாவும் போட்டு லூஸாக விற்றால் 5. பாக்கெட்டில் அடைத்துப் பேர் ஒட்டினால் 12. கேரமல் பூசினால் 18, ஏனென்றால் சர்க்கரை சேர்ந்தவுடன் அது மிட்டாய் சாதிக்குப் போய்விடுகிறது. நாடே சிரித்தது. மீம் போடாதவன் பாவம் செய்தவன் என்கிற நிலைமை. அமைச்சகம் தரப்பில், இது புது வரி இல்லை, இருக்கிற விதிக்கு விளக்கம்தான் என்றார்கள். அது உண்மையும்கூட. என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. யாரோ ஒருவர் கோபத்தில் போட்ட வரி என்றால் நாளைக்கு எடுத்துவிடலாம். இது பல வருடமாகச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. யாரோ பொரித்த பிறகுதான் வெளியே வெடித்தது.

பரோட்டா கதை உங்களுக்கே தெரியும். 2020-இல், எந்தப் பொருளுக்கு எந்த வரி என்று முன்கூட்டியே கேட்டால் சொல்கிற கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட் பரோட்டா சப்பாத்தி இனத்தைச் சேர்ந்தது இல்லை, அதனால் 18 என்றது. மதுரைக்காரர்கள் இதை வரிச் செய்தியாகப் படிக்கவில்லை, அவமானமாகப் படித்தார்கள். இது நம் ஊர் வியாதி மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜாஃபா கேக் என்று ஒரு தின்பண்டம். கேக்கா பிஸ்கட்டா என்று 1991-இல் தீர்ப்பாயத்தில் வாதாடினார்கள். கேக் பழசானால் கெட்டியாகும், பிஸ்கட் பழசானால் நமத்துப்போகும். இது கெட்டியாகிறது, எனவே கேக்தான் என்பது அங்கே எடுபட்ட வாதங்களில் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே குறைந்தபட்சம் பண்டத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது வரி இல்லாத ஒரு பழத்துக்கு வருவோம்.

2024 நவம்பர் 20, நியூயார்க், சோத்பீஸ் ஏலக் கூடம். சுவரில் ஒரு வாழைப்பழம், அதன் மேல் வெள்ளி நிற டேப். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலானின் படைப்பு, பெயர் ‘காமெடியன்’. கட்டணமெல்லாம் சேர்த்து 62 லட்சம் டாலருக்கு மேல் போனது, நம் காசுக்கு ஐம்பத்திரண்டு கோடி. எடுத்தவர் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன். ஒன்பது நாள் கழித்து ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து உரித்துச் சாப்பிட்டார்.

‘ஐம்பது கோடியை முழுங்கிட்டான்’ என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அங்கேதான் தப்பு. அவர் வாங்கியது பழத்தை இல்லை. ஒரு சான்றிதழும், பழத்தை எந்த உயரத்தில் எப்படி ஒட்டுவது என்கிற குறிப்பும்தான் அவருக்குக் கிடைத்தது. பழம் அழுகினால் வேறு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், படைப்புக்கு ஒன்றும் ஆகாது. அவர் வயிற்றுக்குள் போனது முப்பது ரூபாய்ச் சரக்கு. ஐம்பத்திரண்டு கோடி பத்திரமாக ஃபைலுக்குள் இருக்கிறது. கரூர் பக்கம் லாலாபேட்டை வாழை மண்டியில் ஏல விலை கட்டுப்படியாகாமல் முகம் தொங்கிப்போய் நிற்கிற விவசாயியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தாரோடு ஒரு சான்றிதழ் தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்தச் செய்தியில் என்னை உறுத்தியது இன்னொன்று. ஏலத்தன்று சுவரில் ஒட்டியிருந்த பழம் ஏலக்கூடத்துக்கு வெளியே தெருவோரப் பழக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது. விற்றவர் வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு முதியவர். கடையும் அவருடையது இல்லை, மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கிறார். அது என்ன விலைக்குப் போனது என்று பத்திரிகையாளர் சொன்னபோது அவர் அழுதுவிட்டாராம். அதைக் கேள்விப்பட்டு, அவர் கடையிலேயே ஒரு லட்சம் பழம் வாங்குகிறேன் என்று அறிவித்தார் சன். நான் கணக்குப்பிள்ளை இல்லையா, உடனே கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் பழத்தைத் தெருவோரத்தில் எங்கே இறக்குவது? யார் அடுக்குவது? லாபம் யாருக்கு? கடைக்காரருக்கு. கூலிக்கு நிற்கிறவருக்கு ஒரு லட்சம் பழத்தைத் தூக்கி வைக்கிற வேலை. மறுபடியும் அந்த 26 கிலோ மூட்டை.

அடுத்து செருப்பு. 2025 ஜூன், மிலன் நகரில் பிராடா நிறுவனத்தின் ஆடவர் ஃபேஷன் ஷோ. மாடல்கள் காலில் அச்சு அசல் கோலாப்பூர்ச் செருப்பு. குறிப்பில் ‘தோல் செருப்பு’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். கோலாப்பூர் கொதித்தது. வர்த்தக சபை கடிதம் எழுதியது. பிராடாவும் இந்திய மரபிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டது. பொதுநல வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போனது, நீங்கள் யார் கேட்க, பதிவு வைத்திருப்பவர் வரட்டும் என்று தள்ளுபடியானது.

புவிசார் குறியீடு இருக்கிறதே, பிறகு எப்படித் தப்பினார்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். 2019-இல் கோலாப்பூர்ச் செருப்புக்குக் குறியீடு கிடைத்தது வாஸ்தவம். அது மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டம், கர்நாடகத்தில் நான்கு மாவட்டம் என்று இரண்டு மாநிலத்துக்கும் பொதுவானது. ஆனால் அந்தக் குறியீடு காப்பது பேரைத்தான். அதுவும் பதிவு செய்த நாட்டுக்குள். ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்யாத பால்கோவாவை ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று விற்றால் பிடிக்கலாம். ‘பால் இனிப்பு’ என்று எழுதி அதே பதத்தில் கிண்டி விற்றால் என்ன செய்வீர்கள்? பிராடா அந்தப் பேரைப் போட்டு இங்கே விற்றிருந்தால் சட்டத்தில் மாட்டியிருக்கும். பேரைப் போடாததால் தப்பித்தது. பேரைப் போடாததற்காகத்தான் ஊரே திட்டியது. இதைவிட அழகான முடிச்சை எந்தச் செருப்பிலும் போட முடியாது.

என் கருத்தைக் கேட்டால், சண்டை போட்டது நல்லது. டிசம்பரில் இரண்டு மாநிலத் தோல் தொழில் கழகங்களோடும் பிராடா ஒப்பந்தம் போட்டது. இங்கேயே 2,000 ஜோடி செய்வது, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது என்று அறிவித்தார்கள். எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தைக்கிறவர் கைக்கு அதில் எவ்வளவு வரும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அப்பா கோலாப்பூர்ச் செருப்புத்தான் போடுவார். புதிதாக இருக்கும்போது கடிக்கும், நடந்தால் கிறீச் கிறீச் என்று தெருமுனைவரை கேட்கும். பதம் வருவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். அது எந்த வகை எண்ணெய் என்று உச்ச நீதிமன்றம் சொல்லாமல் விட்டுவிட்டது.

போபால் பாலத்தைப் பற்றிச் சிரிக்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். நானும் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன். ஐஷ்பாக் ரயில்வே மேம்பாலம், 18 கோடி ரூபாய்ச் செலவு. 2025 ஜூனில் அதன் படம் பரவியது. வண்டி நேராகப் போய்ச் சுவரில் முட்டுவதுபோல் ஒரு திருப்பம். ‘90 டிகிரி பாலம்’ என்று பேர் விழுந்தது. ஏழு பொறியாளர்கள் சஸ்பெண்ட், ஒப்பந்தக்காரர் கறுப்புப் பட்டியலில். அவர் உயர் நீதிமன்றம் போனார். அங்கேயுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஒருவர் போய் அளந்தார். 118, 119 டிகிரி வந்தது.

பாலம் நல்ல பாலம் என்று நான் சொல்ல வரவில்லை. 119 டிகிரியானாலும் அந்தத் திருப்பத்தில் ராத்திரி மழையில் பைக் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. இடம் போதவில்லை, பக்கத்தில் மெட்ரோ நிலையம், ரயில்வேயும் பொதுப்பணித் துறையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்த இழுபறிதான் பாலமாக வளைந்து நிற்கிறது. ஆனால் 140 கோடி பேர் உள்ள நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கிற கோணமானியை எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்து. ‘90’ என்று பேர் வைத்தாயிற்று. பேர் நன்றாகவும் இருக்கிறது. பிறகு எதற்கு அளப்பது?

சிரித்துவிட்டு வெட்கப்படாமல் இருந்த ஒரே செய்தி திருவனந்தபுரம் விமானம்தான். பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம், 2025 ஜூன் 14 அன்று அவசரமாக இறங்கியது. இறங்கிய பிறகு ஹைட்ராலிக் கோளாறு. முப்பத்தெட்டு நாள் பறக்கவில்லை. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், நனைந்துகொண்டு நின்றது; சிஐஎஸ்எஃப் காவலர்கள் காவல் காத்தார்கள். கேரள சுற்றுலாத் துறை, அந்த விமானமே ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை என்று எழுதுவதுபோல் ஒரு விளம்பரம் போட்டது. உலகத்தின் விலையுயர்ந்த போர் விமானங்களில் ஒன்றுக்கு ‘டூரிஸ்ட்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்த ஒரு பேருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

சரி, பன்னுக்குப் பதில் வந்தது என்றேனே. 2025 செப்டம்பர் 3-இல் கவுன்சில் கூடி, 12, 28 இரண்டு அடுக்குகளையும் தூக்கியது. 22-ஆம் தேதி முதல் அமல். கேக், பேஸ்ட்ரி 18-லிருந்து 5-க்கு வந்தது. பரோட்டாவுக்கு வரியே இல்லை. மதுரை மானம் காப்பாற்றப்பட்டது. தலை எண்ணெயும் 18-லிருந்து 5-க்கு இறங்கியது. அதாவது, தேங்காய் எண்ணெய் தலைக்கா வாய்க்கா என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன ஒன்பதே மாதத்தில் இரண்டுக்கும் ஒரே வரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் அந்த வழக்குக்குக் கட்டுக் கட்டாகப் பேப்பர் சுமந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

22-ஆம் தேதி காலை கணபதி பேக்கரியில் உட்கார்ந்து மெஷினில் எல்லாக் குறியீட்டையும் மாற்றினேன். முடித்துவிட்டு முதலாளியிடம், “கிரீம் பன் என்ன விலைங்க இனி?” என்றேன்.

“அதே வெலைதானுங்க சார். கிரீம் டின்னு ஏறிப்போச்சுங்க.”

பில் போடும் பையன் சிவப்பு ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி உரித்துக்கொண்டிருந்தான். உரித்ததைக் குப்பையில் போடாமல் மெஷினின் பக்கவாட்டில் வரிசையாக ஒட்டி வைத்தான். ஏன்டா என்று கேட்டேன்.

“இருக்கட்டுங்க சார், மறுபடி கேப்பாங்க.”